கவர்னகிரிக்குத் திரும்பாத பேருந்து

கல்விச் சுற்றுலா என்றால் தூத்துக்குடி, நெல்லை மாவட்டப் பள்ளிகளுக்குப் பாஞ்சாலங்குறிச்சி தவறாத ஊர். 1974-ல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை அங்கே இருக்கிறது. மாணவர்கள் உள்ளே வரிசையாகப் போய்ச் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள். 1959-ல் வந்த திரைப்படத்தின் வசனத்தை ஒருவன் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். சக்கம்மா கோயிலில் கும்பிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை நிழலில் அமர்ந்து சாப்பிட்டு, பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அடுத்த இடம் திருச்செந்தூர், அல்லது மணப்பாடு கடற்கரை.

அதே ஒட்டப்பிடாரம் வட்டத்தில், கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கவர்னகிரி என்றொரு ஊர் இருக்கிறது. கட்டபொம்மனின் படைத்தளபதிகளுள் ஒருவராக நினைவுகூரப்படும் வீரன் சுந்தரலிங்கத்தின் ஊர். அங்கே அவருக்கு மணிமண்டபம் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 16 அன்று அரசு சார்பில் மாலை அணிவிக்கப்படுகிறது. ஆனால் கல்விச் சுற்றுலாப் பேருந்துகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஏன் என்று கேட்டால் நேரம் இல்லை என்பார்கள். திருச்செந்தூருக்கு இருக்கிற நேரம், பக்கத்து ஊருக்கு எப்படி இல்லாமல் போகிறது?

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகப் போர் நடந்த இடங்களுக்கு மாணவர்களை அழைத்துப் போவது நல்ல காரியம். போகாத பள்ளிகளும் போக வேண்டும். ஆனால் எந்த ஊரில் இறங்குகிறோம், எந்த ஊரை விட்டுவிடுகிறோம் என்பதும் ஒரு பாடம்தான். வழிகாட்டி வாய் திறக்கும் முன்பே பேருந்து அந்தப் பாடத்தை நடத்தி முடித்துவிடுகிறது. போர் செய்தவர் அரசர், அரசரின் ஊர் பார்க்கத் தக்கது, மற்றவர்கள் கூட்டம் என்று பிள்ளைகள் மனதில் அது பதிந்துவிடுகிறது.

சுந்தரலிங்கத்தின் பெயரும் பேருந்தும் சேர்ந்த கதை ஒன்றை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டு, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அப்போது போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் தலைவர்கள் பெயர் இருந்த காலம். திருநெல்வேலி மாவட்டம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றும், தூத்துக்குடி மாவட்டம் வ.உ.சிதம்பரனார் மாவட்டம் என்றும் அழைக்கப்பட்டன. கட்டபொம்மன் பெயர் எழுதிய பேருந்தில் எல்லாரும் ஏறினார்கள். அவருக்காக உயிர் கொடுத்தவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது; உயிர்கள் போயின. கடைசியில் அதே ஆண்டில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது.

ஒரே ஒரு பெயரை ஏற்க மனமில்லாததால் கட்டபொம்மன் பெயரும் போயிற்று, வ.உ.சி. பெயரும் போயிற்று. சாதி தன் வீட்டுக் கூரையையும் சேர்த்தே கொளுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று பள்ளி வளாகத்தில் நிலைமை என்ன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்து பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று அந்தக் குழு எழுத வேண்டியிருந்தது. கயிற்றின் நிறத்தை வைத்து இவன் இன்னார் என்று கண்டுகொள்ளும் வகுப்பறையில் வரலாற்றுப் பாடமும் கயிறு கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. கட்டபொம்மன் ஒரு சாதிக்கு, புலித்தேவர் ஒரு சாதிக்கு, அழகுமுத்துக்கோன் ஒரு சாதிக்கு, சுந்தரலிங்கமும் வெண்ணிக்காலாடியும் ஒரு சாதிக்கு, ஒண்டிவீரன் ஒரு சாதிக்கு என்று பங்கு பிரித்தாகிவிட்டது. ஒவ்வொரு விழாவுக்கும் தடை உத்தரவு போடுகிறார்கள், வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள், காவலர்களைக் குவிக்கிறார்கள். ஒரே எதிரிக்கு முன் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவர் விழாவுக்கு இன்னொருவர் போவதில்லை.

இதை மாற்றக் கல்விச் சுற்றுலா போதுமா என்று சிலர் சிரிக்கலாம். போதாது. ஆனால் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து, எல்லா ஊரிலும் இறங்கி, எல்லா ஊர்த் தண்ணீரையும் குடித்துத் திரும்புவது சிறிய காரியமும் அல்ல. அப்படி ஒரு நாளைத் திட்டமிட முடியும். வழியையும் நாமே சொல்கிறோம்.

காலையில் பாஞ்சாலங்குறிச்சி. நினைவுக் கோட்டையைப் பார்த்த பின், பழைய கோட்டையின் எச்சங்கள் இருக்கும் திடலுக்கு நடக்க வேண்டும். கல்கோட்டையை எதிர்பார்த்து வரும் மாணவன் ஏமாறுவான். அது மண்கோட்டை. 1801 போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி தன் நினைவுக் குறிப்புகளில் அதை விவரித்திருக்கிறார். நீளப் பக்கம் ஏறத்தாழ 500 அடி, குறுக்குப் பக்கம் 300 அடி, அகழி கிடையாது, முழுக்க மண். 1799 செப்டம்பரில் பானர்மன் தலைமையில் வந்த படையின் முதல் தாக்குதலை இந்த மண்சுவர்தான் தடுத்து நிறுத்தியது. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறிய பின் கம்பெனி அதை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். துரத்திக்கொண்டு வந்த படை கண்டது, இடித்த இடத்தில் மறுபடி எழுந்து நின்ற கோட்டையை. சில நாட்களில் எழுந்த கோட்டை அது. வெல்ஷே வியந்து எழுதுகிறார்.

இங்கேதான் வழிகாட்டி ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தச் சில நாட்களில் மண் வெட்டியது யார்? தண்ணீர் சுமந்தது யார்? குழைத்தது யார்? சுவர் ஏற்றியது யார்? கிராமத்து மாணவனுக்குப் பதில் தெரியும். அவன் ஊரில் கண்மாய்க் கரை உடைந்தால் யார் முதலில் மண்வெட்டியோடு இறங்குவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மார்ச் இறுதியில் கம்பெனி நடத்திய பெருந்தாக்குதல் அந்தச் சுவரில் மோதித் தோற்றது. மே 24-ல், மேலும் படையும் பீரங்கியும் வந்த பிறகே கோட்டை விழுந்தது. அந்த இடைப்பட்ட மாதங்களின் வீரத்தில் வாள் பிடித்த கைக்கு உள்ள பங்கு, மண் குழைத்த கைக்கும் உண்டு.

அடுத்தது கம்பெனிக் கல்லறைகள். அந்தப் போர்களில் இறந்த வெள்ளை அதிகாரிகளுக்கு இந்தப் பகுதியில் கல்லறைகள் உண்டு. பெயரும் நாளும் கல்லில் பொறிக்கப்பட்டவை. கடல் கடந்து வந்து மடிந்த அதிகாரிக்குப் பெயர் இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்து இந்த மண்சுவரில் விழுந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு கல் கிடையாது. ஏன் என்று மாணவர்கள் அங்கேயே நின்று யோசிக்கட்டும்.

கல்லறைகளைப் பார்த்தபின் கம்பெனிப் படையைப் பற்றியும் பேசிவிட வேண்டும். அதில் வெள்ளையர் கொஞ்சம், சிப்பாய்கள் அதிகம். சென்னை ராணுவத்தின் சிப்பாய்களிலும் பாதை போடும் பயனீர் படையிலும் பறையர் சமூகத்தவர் கணிசமாக இருந்தனர். வயிற்றுக்காகப் போனவர்கள் உண்டு. ஊரில் கிடைக்காத மரியாதை சீருடையில் கிடைக்கும் என்று போனவர்களும் இருந்திருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், போர்க்குணம் கொண்ட இனம், போர்க்குணமில்லாத இனம் என்று பிரித்து அதே வெள்ளை அரசு அவர்களுக்கு வாசலை அடைத்தது. கோட்டைக்கு உள்ளேயும் ஒடுக்கப்பட்டவன், வெளியேயும் ஒடுக்கப்பட்டவன். இதைச் சொன்னால் கட்டபொம்மனின் புகழ் குறையாது, வரலாறு முழுமையாகும்.

மதியம் கவர்னகிரி. சாப்பாடு அங்கேதான் என்று நாம் அழுத்திச் சொல்கிறோம். மணிமண்டபத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேருந்தை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது வேறு. அந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிட்டு, அந்த ஊர்க் குழாயில் கை கழுவி, அந்த ஊர்ப் பெரியவரிடம் கதை கேட்பது வேறு. கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கை அழிக்கத் தீயோடு பாய்ந்து சுந்தரலிங்கமும் அவரோடு வடிவும் மாண்டார்கள் என்பது அந்த ஊர் பாதுகாத்து வைத்திருக்கும் நினைவு. அந்தக் கதையை அந்த ஊர்க்காரர் வாயால் கேட்க வேண்டும். ‘பகடை’ என்ற பட்டத்தோடு நினைவுகூரப்படும் அருந்ததிய வீரர்களைப் பற்றியும் கரிசல் கிராமங்களில் கேட்டால் சொல்வார்கள்.

பிற்பகல் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அந்தப் பாளையத்தின் படை 1801-ல் கம்பெனியோடு நின்றது. பாளையக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக எதிர்க்கவில்லை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவரும் ஒரு தமிழ் மன்னரே. ஆனால் ‘எட்டப்பன்’ என்ற வசையை ஓர் ஊரின் மேல், ஒரு சாதியின் மேல் ஏவுவதும் சரியல்ல. யார் எந்த வரிக்காக, எந்த எல்லைக்காக, எந்தப் பழைய பகைக்காக எந்தப் பக்கம் நின்றார் என்று விளக்குவதே பாடம்.

மாலையில் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் கண்முன்னே கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கிச் சிலை வைத்த இடமும் அதுவே. அங்கிருந்து நான்குவழிச் சாலையில் ஏறினால் இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு போய்ச் சேரலாம்.

இந்த நாளின் உயிர் வழிகாட்டியின் நாக்கில் இருக்கிறது. அவர் மூன்று விதமாகப் பேசப் பழக வேண்டும். ஆவணத்தில் இருப்பதை ஆவணம் என்று சொல்ல வேண்டும். ஊர் நினைவில் இருப்பதை ஊர் நினைவு என்று சொல்ல வேண்டும். நாம் ஊகிப்பதை ஊகம் என்று சொல்ல வேண்டும். ‘வாய்மொழிதானே, ஆதாரம் எங்கே’ என்று நம் வீரர்களை மட்டும் வாசலில் நிறுத்திக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பதில் இதுதான்: கம்பெனி எழுதிய கடிதங்கள் யாரைத் தூக்கிலிட வேண்டும், யாருடைய நிலத்தைப் பறிக்க வேண்டும், யாரிடம் வரி வாங்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டவை. பறிக்க நிலமே இல்லாதவன் பெயர் அதில் எதற்கு வரும்? எழுத்தில் இல்லை என்பதாலேயே ஆள் இல்லை என்று ஆகிவிடாது. அதே வேளையில், நம் பிள்ளைகளும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாத தேதியையும் இல்லாத ஆவணத்தையும் சேர்த்துச் சொன்னால், நாளை ஒருவர் அதைப் பிடித்து இழுக்கும்போது உண்மையும் சேர்ந்து கிழியும். சுந்தரலிங்கத்துக்கு ஒப்பனை தேவையில்லை.

எழுத்தில் விடுபட்டவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு வெல்ஷின் நூலிலேயே இருக்கிறது. கோட்டை விழுந்த அன்று மாலை, பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிப் போகிறாள் ஒரு தாய். உயிர் ஊசலாடும் மகன், தன்னை விட்டுவிட்டு அருகே காயப்பட்டுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொல்கிறான். அவள் அவரைத் தூக்கிப் போய்த் துணியால் மூடிவைக்கிறாள். தேடி வந்தவர்களிடம் அம்மை கண்ட பிள்ளை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். அதன் பிறகு ஊமைத்துரை சிறுவயலுக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து இன்னும் பல மாதம் போராட முடிந்தது. பெற்ற மகனைக் களத்தில் விட்டு, போரைச் சுமந்து போன அந்தத் தாய்க்கு ஒரு பலகைகூட இல்லை.

பெயர் கல்லில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மராட்டியத்தின் கோரேகாவ் பீமா சாட்சி. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையோடு கம்பெனிப் படை மோதிய ஊர் அது. அங்கே கம்பெனி எழுப்பிய தூணில் இறந்த 49 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் 22 பெயர்கள் மகர் சமூகத்தவருடையவை. தூண் வைத்தது வெள்ளையனின் வெற்றியைச் சொல்வதற்காக. ஆனால் 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது அந்தப் பெயர்களுக்கு வேறு பொருள் வந்தது. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் தன் முன்னோரின் பெயரைக் கல்லில் படித்தான். இன்றும் ஒவ்வொரு ஜனவரி முதல் நாளும் லட்சக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். 2018-ல் அவர்கள் மீது கல் வீசப்பட்டது, வன்முறை நடந்தது. அதற்கடுத்த ஆண்டும் மக்கள் வந்தார்கள். ஒரு போர்க்களத்துக்குப் போய் வருவது எவ்வளவு பெரிய காரியமாக இருக்க முடியும் என்பதை அந்த ஊர் காட்டுகிறது. அங்கே கம்பெனியின் பக்கம் நின்றவர்கள், இங்கே கம்பெனிக்கு எதிராக நின்றவர்கள். பக்கம் வேறு; பெயர் கேட்கும் குரல் ஒன்றே.

‘ஏன் வம்பு? கவர்னகிரிக்குக் கூட்டிப்போனால் சில பெற்றோர் கேள்வி கேட்பார்கள்’ என்று தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் கேள்வி கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியது தலைமை ஆசிரியரும் கல்வித்துறையும். தனி ஆசிரியரின் தலையில் அந்தச் சுமையை வைக்கக் கூடாது. மாவட்ட நிர்வாகமே இந்த வழித்தடத்தை அங்கீகரித்துச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டால் வம்புக்கு இடமில்லை.

நாம் கேட்பது பெரிதல்ல. பாஞ்சாலங்குறிச்சிக்கு அனுமதி கேட்கும் பள்ளிப் பயணம் ஒவ்வொன்றிலும் கவர்னகிரி சேர வேண்டும். கவர்னகிரி, பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் ஊர்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்குச் சுற்றுலாத் துறை வழிகாட்டிப் பயிற்சி கொடுத்து, நாள் ஊதியம் தர வேண்டும். அதில் எல்லாச் சமூகத்தவரும், பெண்களும் இருக்க வேண்டும். மணிமண்டபம் விழா நாளில் மட்டும் பளிச்சென்று இருந்தால் போதாது. கழிப்பறையும் குடிநீரும் உட்கார நிழலும் ஆண்டு முழுதும் வேண்டும். பயணக் கட்டணம் கட்ட முடியாமல் பின்தங்கும் பிள்ளைகளுக்கு அரசு கட்ட வேண்டும். சுற்றுலா நாளில் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய கோட்டைத் திடலில், மண் சுமந்தவர்களையும் பெயர் தெரியாத அந்தத் தாயையும் குறிப்பிட்டு ஒரு பலகை வைக்க வேண்டும்.

நெல்லை, தென்காசி மாவட்டங்களிலும் இதைச் செய்யலாம். நெற்கட்டும்செவலுக்குப் போகும் பேருந்து பாளையங்கோட்டை ஒண்டிவீரன் மணிமண்டபத்திலும் நிற்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லும்போது, பேருந்து எந்தெந்த ஊரில் நிற்கும் என்று கேளுங்கள். பட்டியலில் கவர்னகிரி இல்லையென்றால், ஏன் இல்லை என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். 1997-ல் பெரியவர்கள் ஏற மறுத்த பேருந்தில் நீங்கள் ஏறிக் காட்டுங்கள்.